வளைந்து தெரிந்த தண்டவாளம்

பட்டிப்பொல ஸ்டேஷனைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டினாற்போல இருந்த சின்ன வீட்டில் மாயாண்டியும் அவர் மனைவி பூரணியும் குடியிருந்தார்கள். மாயாண்டி ரயில்வேயில் பாதை பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கழன்ற ஆணியை அடித்து இறுக்குவதும், மலையில் இருந்து உருண்ட கல்லைப் புரட்டித் தள்ளுவதும், மழையில் மண் இளகியிருக்கிறதா என்று பார்ப்பதுமாகவே அவர் வாலிபம் போயிற்று. ஓய்வுக்குப் பிறகும் கால்கள் சும்மா இருக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்ததும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பாதைக்குப் போய்விடுவார்.

பனி இன்னும் முழுதாக விலகாத ஒரு காலையில்தான் அது நடந்தது. குனிந்து பார்த்தார். தண்டவாளம் நடுவில் நெளிந்து கிடந்தது. கொழும்புக்குப் போகும் கோச்சி வரும் நேரம். மாயாண்டி கழுத்தில் கிடந்த சிவப்பு மப்ளரை உருவி, இரண்டு கையாலும் விரித்து ஆட்டிக்கொண்டு ஓடினார்.

கோச்சி கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். வாலில் இருந்து கார்ட் பண்டாரவும் ஓடி வந்தார். பண்டார பழைய ஆள். மாயாண்டியை வேலைக் காலத்திலேயே தெரியும்.

"இந்தா பாருங்க மாத்தயா, எப்படி வளஞ்சிருக்கு!"

டிரைவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பண்டார தண்டவாளத்தின் மேல் கையை வைத்துத் தடவினார். அது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மாயாண்டி கிட்டே போய்ப் பார்த்தார். வளைவு அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. அங்கே போனால் அங்கேயும் இல்லை. அவர் பார்வை போன இடமெல்லாம் தண்டவாளம் நெளிந்தது. ஜன்னல்களில் தலை நீட்டிய வெள்ளைக்காரர்கள் போனில் படம் பிடித்தார்கள். டிரைவர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனார். மாயாண்டிக்கு அந்த மண்ணுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

பண்டார மட்டும் போகவில்லை. சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்: "மாயாண்டி அய்யே, வீட்டுக் கதவு நேராத் தெரியுதா?"

மாயாண்டி யோசித்தார். கொஞ்ச நாளாகவே கதவு நிலை கோணலாகத் தெரிந்தது உண்மைதான். வீடு பழசு, மரம் உளுத்துவிட்டது என்று நினைத்திருந்தார்.

"எங்க அம்மாக்கும் இப்படித்தான். ரயில் ரோட்டுல ஒண்டும் இல்ல. கண்ணுலதான். ஏறுங்க, கண்டிக்குப் போவம்."

இப்படியாக, தான் நிறுத்திய கோச்சியிலேயே சாரமும் பழைய ஸ்வெட்டருமாக மாயாண்டி ஏறினார். நானுஓயாவில் பண்டாரவின் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார்.

"என்னது?" என்றாள் பூரணி. "கோச்சிய நிப்பாட்டிட்டு அதுலயே ஏறிப் போயிட்டீங்களா? சோறாக்கி வச்சிருக்கேன் நானு!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய வலது கண் எப்போதோ போய்விட்டது. சுத்தியலால் அடித்தபோது தெறித்த இரும்புத் துண்டு அதை மங்கலாக்கிவிட்டது. இத்தனை வருஷமும் இடது கண்ணை வைத்துத்தான் காலம் தள்ளினார். இப்போது அதுவும்.

கார்ட் பெட்டியில் உட்கார்ந்து போகப்போக பழைய முகங்கள் நினைவில் வந்தன. செல்லசாமி வந்தான். அந்தப் பக்கத்துப் பாதையை அவன் பார்த்துவருவான், இந்தப் பக்கத்தை மாயாண்டி. இருவரும் ரயில் சுரங்கத்தின் வாசலில் சந்தித்து, லாம்பைக் கீழே வைத்துவிட்டு ரொட்டியைப் பிட்டுத் தின்பார்கள். செல்லசாமியின் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லி அரசாங்கக் கடுதாசி வந்தது. சனங்கள் அழுது அழுது ஏறியதால் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வாங்கிய அந்த ரயிலில்தான் அவனும் ஏறினான். பனிக்காலத்தில் சிக்னல் தெரியாதபோது தண்டவாளத்தில் ஒரு வெடி வைப்பார்கள். சக்கரம் ஏறி அது வெடித்தால் டிரைவர் நிறுத்த வேண்டும். மாயாண்டி அன்றைக்கு வளைவில் ஒன்றை வைத்துவிட்டார். கோச்சி நின்றது. செல்லசாமி குதித்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். விசில் ஊதியதும் அவன் திரும்பி ஓடினான்.

மாயாண்டி இதைச் சொல்லி முடித்ததும், "அது நீங்களா?" என்று பண்டார வாய்விட்டுச் சிரித்தார். "ஏன் நிண்டதெண்டு எங்க ஆளுங்க கனகாலம் பேசினாங்க!"

அன்றிரவு, கண்டியில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் பிரியந்தியின் அறையில் தங்கினார். மறுநாள் அவள் கண் கிளினிக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் ரிஃப்னா சின்ன வயசுக்காரி, கம்பளைப் பக்கத்துப் பெண். கண்ணைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, கண்ணுக்குப் பின்னால தேவையில்லாத ரத்தக் குழாய் முளைச்சிருக்கு. அது ஒழுகுது. அந்த ஈரத்துல கண்ணுல விழுற படம் நெளியுது. வயசுல வாறதுதான். கண்ணுக்குள்ள ஊசி போட்டா நிப்பாட்டலாம்."

"கண்ணுக்குள்ளயா?" மாயாண்டி எழுந்தே விட்டார். "கையில போடுங்கம்மா. எத்தன வேணுன்னாலும் போடுங்க."

"கையில போட்டா உடம்பெல்லாம் சுத்தும், கண்ணுக்குப் போதுமான அளவு வந்து சேராது. உள்ளுக்கே வைக்கணும்."

"அப்படி என்ன மருந்தும்மா?"

"நோய்க்கிருமி வந்தா அதைப் புடிக்க நம்ம உடம்பு பிறபொருளெதிரி செய்யும், ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க," என்று பிரியந்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இவரிடம் திரும்பினாள். "அது மாதிரி ஒண்டத்தான் லேப்ல செஞ்சு, கண்ணுக்கு ஏத்த மாதிரி சின்னதா ஆக்கியிருக்காங்க. குழாய் முளைக்கச் சொல்லி கண்ணுக்குள்ள ஒரு சிக்னல் ஓடுது. இந்த மருந்து அந்த சிக்னலைப் புடிச்சுக்கும். ஆனா மருந்து கரைஞ்சு போயிரும். அதனால மாசாமாசம் வரணும்."

"கொணமாயிருமா?"

"இருக்கிறதைக் காப்பாத்தலாம். கொஞ்சம் திரும்பியும் வரலாம். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் வீடு திரும்பிய பிறகு, ஊசிக்குக் குறித்த நாளுக்கு முதல் நாள், வர மாட்டேன் என்று அடம்பிடித்தார். "இருக்கிறதே இந்த ஒரு கண்ணு. அதுலயும் குத்திக் கெடுத்துட்டா?"

"குத்தாட்டியும் கெட்டுத்தான போவுது," என்றாள் பூரணி. "பேசாம வாங்க. நானும் வாறேன்."

சொட்டு மருந்து விட்டு மரக்கச் செய்தார்கள். இமை மூடாமல் இருக்க ஏதோ மாட்டினார்கள். ஒரு அழுத்தம், அவ்வளவுதான். எழுந்தபோது கண்ணைப் பொத்திக் கட்டியிருந்தது. சாயங்காலம் வரை அவிழ்க்கக் கூடாது.

திரும்பும் கோச்சியில் பூரணி ஜன்னல் ஓரத்தில் அவரை உட்கார வைத்தாள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் மினுங்கியது. "எங்க வாறோம்?" என்று கேட்டார்.

கோச்சியில் ஏறினால் தூங்கிவிடும் பூரணி அன்று தூங்கவில்லை. "வட்டவளை தாண்டிட்டோம். ஐயோ, இந்த மலையப் பாருங்க... பாக்க முடியாதுல்ல. தேயிலக் கொழுந்தெல்லாம் முத்திக் கெடக்கு, எடுக்க ஆளில்ல. அங்க நாலு பேரு நிக்கிறாங்க. ஒருத்தி கூடையோட தலைக்கயித்த தளர விட்டிருக்கா, சாயங்காலம் கழுத்து வலிக்கும் அவளுக்கு."

கோச்சி ஏற ஏற அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கொட்டகலைக்கு மேலே தெரிந்த ஒரு லயத்தின் வரிசை வீடுகளைக் காட்டி, தான் பிறந்த லயமும் இப்படித்தான், வாசலில் மஞ்சள் சாமந்தி நிற்கும் என்றாள். கல்யாணம் பேசவந்த அன்று அவள் நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததையும், கங்காணி கூப்பிட்டதும் கூடையோடு ஓடிவந்ததையும் சொன்னாள். மாயாண்டி இந்த வழியில் வாழ்நாளெல்லாம் போய் வந்தவர். ஆனால் அவர் கண் எப்போதும் தரையில்தான் இருந்தது. அந்தச் சாமந்தியை அவர் அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் கண்ணில் கறுப்புக் குமிழிகள் மிதந்தன, பிறகு மறைந்தன. மூன்றாவது ஊசிக்குப் பிறகு கதவு நிலை நிமிர்ந்தது. ஒரு மாதம் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தபோது, நுவரெலியா வழியாக பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனார்கள். ஊசியை மட்டும் விடவில்லை. பார்வையின் நடுவில் சின்னப் புகை போல ஒன்று கடைசிவரை தங்கிவிட்டது. போனில் எழுத்தை வாசிக்க முடியவில்லை. ஆளைப் பார்த்தால் ஆள் தெரிந்தது, அது போதும் என்றார்.

வருஷம் முடியும்போது டொக்டர் ரிஃப்னா படத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னாள்: "ஒழுக்கு நிண்டுட்டு ஐயா. இனி மாசாமாசம் வரத் தேவையில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

வெளியே வந்தபோது மாயாண்டியின் முகம் விழுந்திருந்தது.

"நல்ல சேதிதான சொன்னாங்க? ஏன் இப்படி இருக்கீங்க?"

"இல்ல, இனி மூணு மாசத்துக்கு ஒருக்காதான் ரெண்டு பேரும் கோச்சியில இந்தப் பக்கம் வருவோம்."

பூரணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். "அதுக்கென்ன, டிக்கட்டு எடுக்கக் கண்ணு நோவணுமா? அடுத்த மாசம் பொகவந்தலாவையில என் தங்கச்சி வீட்டுக்குப் போவோம். மெதுவா நடங்க, படி வருது."