எதுவும் கேட்காத கும்பிடு

அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் நகரப் பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சி செய்வது பழைய கொரியாவின் நினைவு மண்டபங்களைப் பற்றி. சொன்னதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கொரியன் சீரியல்லாம் பாப்பீங்களா?" பார்ப்பேன், அது வேறு விஷயம்.

அந்த மண்டபங்களில் பெரும்பாலும் சிலை கிடையாது. கன்பூசியஸ் வழிவந்த பெரிய அறிஞர் ஒருவர் இறந்தால், அவர் பெயரை ஒரு மரப்பலகையில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பூசை நாளில் பெட்டியைத் திறந்து, சமைக்காத தானியமும் பச்சை இறைச்சியும் படைத்து, பெயரை உரக்கப் படித்து, விழுந்து வணங்குவார்கள். அது வேண்டுதல் அல்ல, மரியாதை. இதை என் நாத்தனாரிடம் ஒருமுறை சொன்னேன். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், இங்கிருந்து காரில் நான்கு மணி நேரத் தூரத்தில் சுகர் லேண்டில் இருக்கிறார். "ஒண்ணுங் கேக்காம எதுக்குக் கும்புடோணும்? வேலையத்த சனம்" என்றார். பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த எனக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான்.

ஆறாம் மாதத்திலேயே என் மகள் பிறந்துவிட்டாள். இன்குபேட்டரில் ஒட்டியிருந்த அட்டையில் "பேபி கேர்ள்" என்று எழுதி, பக்கத்தில் என் பெயர். அவளுக்கென்று ஒரு பெயர் இல்லை. எங்கள் வீட்டில் பெயர் வைப்பது அத்தையின் உரிமை. ஃப்ரீவேயில் காரை விரட்டிக்கொண்டு நாத்தனார் வந்து சேர்ந்தார். மனதில் ஒரு பெயர் வைத்திருந்தார், ஆனால் சொல்லவில்லை. "தீட்டுக் கழியட்டுங் கண்ணு. அதுக்கு முன்னால வாயில வரப்படாது, ஆவாது."

நானும் பொறுத்தேன். குழந்தைக்குத் தலைக்குள் ரத்தம் கசிகிறது என்றார்கள். மறுநாள் மதியம் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். என் கணவர் வெளியே வந்து, "அவங்களால இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதாம்க்கா. கையில வச்சுக்கச் சொல்றாங்க" என்று தன் அக்காவிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. பெயர் வைக்காத குழந்தைக்கு நம் பக்கம் திதி கிடையாது. நான் படித்த மண்டபங்களிலும் எந்தக் குழந்தைக்கும் பலகை இல்லை. இரண்டு ஊரிலும் இடமில்லாமல், "பேபி கேர்ள்" என்றே போய்விடப் போகிறாள்.

"அண்ணி, அந்தப் பேரைச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்." தையல் போட்ட வயிற்றோடு நிஜமாகவே குனிந்தேன்.

"தீட்டு கண்ணு. பிள்ளைக்குத்தான் ஏதாச்சும்..."

"இன்னும் என்ன ஆகணும் அண்ணி அவளுக்கு?" கத்தினேன். நர்ஸுகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாத்தனார் என்னைத் தூக்கி நிறுத்தினார். உள்ளே போய், முழங்கை வரை தேய்த்துக் கை கழுவினார். இன்குபேட்டரின் வட்டக் கதவைத் திறந்து, வாயைப் பக்கத்தில் கொண்டுபோய், மூன்று முறை பெயரைச் சொன்னார். நல்ல பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. நர்ஸ் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதி, பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினார். பிறகு குழந்தையை என் மார்மேல் வைத்தார்கள். சாயங்காலம் வரை இருந்தாள்.

என்னை டிஸ்சார்ஜ் செய்த அன்று, பார்க்கிங்கில் காருக்குள் ஏறாமலே நின்ற நாத்தனார், "தீட்டோட வெச்சேனே, அதனாலயா கண்ணு?" என்று கேட்டார். இல்லை அண்ணி, இல்லை என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த அட்டை ஒரு சின்ன மரப்பெட்டியில் இருக்கிறது. அவள் பிறந்த நாளன்று நாத்தனார் சுகர் லேண்டிலிருந்து வந்துவிடுவார். முதல் வருடம் நான் பாயசத்துக்கு அடுப்பைப் பற்றவைத்தபோது அணைத்துவிட்டார்.

"சோறே திங்காத பிள்ளை. அரிசிய அப்படியே வெச்சாப் போதுங் கண்ணு."

ஒரு கிண்ணம் பச்சரிசியை வைத்தோம். அவர் பெட்டியைத் திறந்து, அட்டையிலிருந்த பெயரை உரக்கப் படித்தார். மூன்று பேரும் விழுந்து கும்பிட்டோம். கேட்பதற்கு எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை.