யாங்ஜி கவிழ்த்த கெட்டில்

பதினாறு வருடமாக யாங்ஜி பனிக்கட்டியின் மேல்தான் அடுப்பு மூட்டினாள். சிகரம் ஏறுகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் அந்த அடிமுகாமில் மண் கிடையாது. மேலே ஒரு முழம் சரளைக்கல், கீழே முழுக்கப் பனி. அடுப்புச் சூட்டில் அது உருகி ஒரு பக்கமாக இறங்கும். வாரம் ஒருமுறை கற்களைப் பிரித்து, மட்டம் பார்த்து, மறுபடி அடுக்க வேண்டும். புதிதாக வருகிற உதவியாளர்கள் இதற்கே சலித்துக்கொள்வார்கள். "இன்னைக்கு அடுப்பு சாயுது, நாளைக்கு நீ சாய்வே. கல்லைத் தூக்குடா" என்பாள் யாங்ஜி.

போர்ட்சே கிராமத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. பதினைந்து வயதில் முதுகில் சுமைக்கூடையும் அதைத் தாங்க நெற்றியில் பட்டையும் ஏறின. இரண்டு தம்பிகளை மடத்துக்கு அனுப்பினார்கள், இவளை நாம்சே சந்தைக்கு அரிசி சுமக்க அனுப்பினார்கள். கியால்சென் என்பவனைக் கட்டிக்கொண்டாள். அவன் மலையில் கயிறு கட்டுகிறவன். பதிமூன்று வருடத்துக்கு முன் முகாமுக்கு மேலே இருக்கும் பனியருவியில் செத்துப்போனான். வீடு உயரப் பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கிற இடம் அது. சிகரத்துக்குப் போகிற யாரும் அதைக் கடந்துதான் ஆக வேண்டும். காசு கொடுத்து ஏறுகிற விருந்தாளி நாலைந்து தடவை கடப்பான். அவனுடைய மூட்டையைத் தூக்குகிறவன் இருபது, முப்பது தடவை.

சாவுச் சடங்குக்கு வந்த லாமா ஆறுதலாகத்தான் சொன்னார்: "போன பிறவி வினைம்மா. யார் என்ன செய்ய முடியும்?"

யாங்ஜி அழுத முகத்தோடு நிமிர்ந்து கேட்டாள்: "ஏன் லாமா, போன பிறவியில பாவம் செஞ்சவங்க எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி மூட்டை தூக்கவே வந்து பொறந்திருக்காங்களே, எப்படி? வெறுங்கையை வீசிக்கிட்டுப் பின்னால ஏறி வர்றவங்கள்ல ஒரு பாவி கூடவா இல்லை?"

லாமா தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஊர் ஒரு வருடம் அதைப் பேசியது. அவளோ மந்திரம் செதுக்கிய கற்சுவரைக் கடக்கும்போது பக்தர்களைப் போல இன்றைக்கும் இடப்பக்கமாகத்தான் சுற்றிப் போவாள், அது கால் பழக்கம். கேள்வி கேட்பதை மட்டும் விடவில்லை.

அப்போது அவள் முகாமில் பாத்திரம் கழுவுகிறவள். நாலு வருடம் கழித்துத் தலைமைச் சமையல்காரனுக்கு நுரையீரலில் நீர் கோத்து, அவனைக் கீழே தூக்கிப்போனார்கள். நாற்பது பேருக்குச் சாப்பாடு நிற்கக்கூடாதே என்று கரண்டியை இவள் எடுத்தாள். பெண்பிள்ளைக்குச் சமையல் பொறுப்பா என்று முனகியவர்கள் மூன்றாம் நாள் இரண்டாவது தட்டுக்கு வந்து நின்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் கெட்டிலுக்கென்று ஒரு வழக்கமுறை இருந்தது. பனியருவிக்குள் போகிற எந்த ஷெர்பாவும் அவள் கையால் வெண்ணெய் டீ குடிக்காமல் போக மாட்டான். ஒரு தடவை ஊற்றினால் போதாது. வேண்டாம் என்று அவன் கையால் கோப்பையை மூடுவான், இவள் கையை விலக்கி ஊற்றுவாள். மறுபடி மூடுவான், மறுபடி ஊற்றுவாள். மூன்று தடவை ஊற்றாமல் ஒரு மனிதனை வாசல் தாண்ட விட்டால் அந்த வீட்டுக்கே கேவலம். அவர்கள் ஊரில் எதிரிக்குக் கூட அதுதான் முறை.

நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குள் கடைசி ஆள் கிளம்பிவிட வேண்டும். குளிரில் பனி இறுகிக் கிடக்கும். வெயில் பட்டால் இளகும், சரியும். காலை ஒன்பதுக்குள் பனியருவியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இதற்கு மந்திரம் வேண்டாம், பள்ளிக்கூடம் கூட வேண்டாம். வெண்ணெய்க்கட்டியை அடுப்பு ஓரத்தில் வைத்துப் பார்த்த யாருக்கும் தெரியும்.

இந்த வருடம் காத்மாண்டுவிலிருந்து புது மேலாளர் வந்தார். பெயர் கார்க்கி. விருந்தாளிகளுக்குப் பனியருவிக்கு மேலே இருக்கும் இரண்டாம் முகாமிலும் கம்பளம், சாய்வு நாற்காலி, காபி எந்திரம் எல்லாம் உண்டு என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவை ஒரு சாயங்காலம் ஹெலிகாப்டரில் வந்து இறங்கின. நள்ளிரவு ஒரு மணிக்குப் பதினோரு பேரை எழுப்பி வரிசையில் நிற்கவைத்து, மூட்டைகளைப் பிரித்து, எடை போட்டு, கட்டி, மறுபடி பிரித்தார்கள். காபி எந்திரத்தின் பெட்டி எந்தக் கூடையிலும் அடங்கவில்லை. இரண்டு மணி போனது. மூன்று போனது. போட்ட டீ ஆறி, யாங்ஜி மறுபடி போட்டாள். கடைசியாக அவர்கள் கிளம்பியபோது மணி ஐந்தரை. கிழக்கே வெளுத்துவிட்டது.

கடைசி ஆள் தெண்டி. இருபத்தாறு வயது, அவள் ஊர்க்காரன். காபி எந்திரம் அவன் முதுகில்தான். இரண்டு கோப்பை குடித்துவிட்டு மூன்றாவதற்குக் கையால் மூடினான்.

"வேணாம் அக்கா, நேரமாச்சு. மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க."

"வாசல்ல நின்னு முறை கெடுக்காதே. உங்க அம்மா கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"எங்க அம்மா கேட்டா, உங்க டீ குடிச்சு வயிறு உப்பிப் போய்த்தான் பனிப்பிளவு ஏணியில சிக்கிக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே கையை எடுத்தான். ஊற்றினாள். அதே அடுப்பின் மறுபக்கம் அவளுடைய உதவியாளன் விருந்தாளிகளுக்கு முட்டை பொரிக்கச் சட்டியை வைத்தான். தெண்டியின் டீயும் விருந்தாளியின் முட்டையும் ஒரே நேரத்தில் ஒரே அடுப்பில் இருந்ததை யாங்ஜி பதினாறு வருடத்தில் அன்றுதான் பார்த்தாள்.

பத்து மணிக்குச் சத்தம் கேட்டது. மேலே வெள்ளைப் புகை எழுந்து அடங்கியது. மூன்று பேர் சிக்கினார்கள், இரண்டு பேரை உயிரோடு இழுத்தார்கள். தெண்டி பிற்பகலில் கிடைத்தான். காபி எந்திரமும் கிடைத்தது. பெட்டியில் ஒரு கீறல்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லாரையும் கூட்டினார் கார்க்கி. வேலைக்காரர்களின் தலைவரான சர்தார் நவாங் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது, மலை தெரிந்தவர். தலையைக் குனிந்தபடியே பேசினார்.

"யாங்ஜி, தப்பா நினைக்காதே. முந்தாநாள் கறியைத் தீயில வாட்டினே. கொழுப்பு நெருப்புல சொட்டி முகாமே நாறிச்சு. தீய்ஞ்ச கறி வாசம் மலைத்தேவிக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

கூடாரத்தில் பத்துப் பதினைந்து தலைகள் ஆடின. கார்க்கி பெருமூச்சு விட்டார். "உங்க நம்பிக்கையில நான் தலையிட விரும்பலை. கீழேயிருந்து லாமாவுக்குச் சொல்லியிருக்கேன். யாங்ஜி அம்மா ஜூனிபர் தழையை எரிச்சுப் புகை போட்டு, முகாம் பூஜைப் பீடத்துக்கு முன்னால மன்னிப்பு கேட்டா, எல்லாருக்கும் மனசு அடங்கும். அறிக்கையிலயும் தெய்வச் செயல்னு எழுதி முடிச்சிடலாம்."

கார்க்கிக்கு அந்தத் தேவியின் பெயர் கூட நேற்றுவரை சரியாகத் தெரியாது. இன்று காலை திடீரென்று பக்தி வந்திருந்தது. யாருக்கு எது எப்போது பயன்படும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

யாங்ஜி எழுந்தாள். கையில் ஈரத்துணி இருந்தது. அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கறியை வாட்டினது நான்தான். வாட்டச் சொன்னது யாரு அண்ணே?"

நவாங்கின் பார்வை கார்க்கி பக்கம் போய்த் திரும்பியது.

"கருக வாட்டிக் கொடுன்னு கார்க்கி ஸார்தான் வந்து சொன்னாரு. விருந்தாளிங்க தின்னாங்க. ஸாரும் ரெண்டு துண்டு தின்னாரு. தெண்டி அன்னைக்கு உருளைக்கிழங்கு ரொட்டி தின்னுட்டுப் படுத்தவன், கறியைத் தொடவே இல்லை. சொன்னவர் நல்லா இருக்காரு, தின்னவங்க நல்லா இருக்காங்க, வாட்டினவ உங்க முன்னால நிக்கிறேன். தின்னாதவனைப் போய்க் கொன்னிருக்கா உங்க தேவி. அவளுக்குக் கண்ணு தெரியாதா, இல்லை மூட்டை தூக்குறவனைத்தான் அடிக்கணும்னு அவகிட்டயும் யாராவது வேலைக்கு ஆர்டர் போட்டிருக்காங்களா?"

"வாயை அளந்து பேசு," என்றார் ஓர் ஆள் பின்னாலிருந்து.

"அளந்துதான் பேசுறேன். மணியை அளந்து சொல்றேன். தெண்டி டீ குடிக்கும்போது அந்தப் பக்கம் முட்டைக்குச் சட்டி வச்சாச்சு. விருந்தாளி முட்டை எத்தனை மணிக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு இதுவரைக்கும் யாராவது பனியருவிக்குள்ள போயிருக்கீங்களா? அண்ணே, நீங்க முப்பது வருஷம் ஏறினவர். நீங்க போயிருக்கீங்களா?"

நவாங் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் குளிரில் கருகிய இரண்டு விரல்களை அறுத்து எடுத்திருந்தார்கள்.

"இல்லை," என்றார் மெதுவாக.

கார்க்கி குறுக்கிட்டார். "நேரத்தைப் பத்தி இப்போ பேசலை அம்மா. மன்னிப்பு கேட்பீங்களா, மாட்டீங்களா? இல்லைன்னா நீங்க கீழே இறங்க வேண்டியதுதான்."

யாங்ஜி தோளிலிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிப்பு கேட்கிறேன். தெண்டியோட அம்மாகிட்ட. கையால மூடின கோப்பையில நான் மூணாவது தடவை ஊத்தினேன். ஊத்தாம விட்டிருந்தா ரெண்டு நிமிஷம் முன்னால அந்த இடத்தைத் தாண்டியிருப்பானோ என்னவோ. முறை முறைன்னு பிடிச்சு நிறுத்திட்டேன். அது என் தப்பு, யார் முன்னாலயும் ஒத்துக்கறேன். உங்க தப்பை நீங்க ஒத்துக்குங்க ஸார். மலைகிட்ட நான் எதுக்கு மன்னிப்பு கேட்கணும்? வெயில் பட்டா பனி விழும். அது அதோட வேலையைச் செஞ்சது."

அவள் தன் அடுப்புக்குத் திரும்பினாள். யாரும் கூடப் போகவில்லை.

லாமா வந்தார், புகை போட்டார், போனார். யாங்ஜி பீடத்துப் பக்கம் போகவில்லை. கீழே லுக்லாவிலிருந்து வேறு சமையல்காரர் வந்து சேர நாலு நாள் ஆகும், அதுவரை இருக்கட்டும் என்று கார்க்கி சொல்லி அனுப்பினார். விருந்தாளிகளுக்கு மூன்று வேளையும் பசித்ததே. உதவியாளர்கள் அவளோடு பேசக் கூச்சப்பட்டார்கள். அவள் வழக்கம்போல அடுப்புக் கற்களைப் பிரித்து மட்டம் பார்த்து அடுக்கினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தகவல் வந்தது. மிச்சமிருக்கும் கம்பளமும் நாற்காலிகளும் நாளை மேலே போக வேண்டும். இரவில் காற்று பலமாக இருக்குமாம், அதனால் ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதுமாம். விருந்தாளிகளின் நாள் வீணாகக்கூடாதாம்.

யாங்ஜி தொழிலாளர் கூடாரத்துக்குப் போய் வாசலில் நின்றாள்.

"ராத்திரி பன்னிரண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் கெட்டில் அடுப்புல இருக்கும். ரெண்டுக்கு மேல என் கையால யாருக்கும் டீ கிடையாது."

"காத்து அடிக்குதாமே அக்கா, ராத்திரி எப்படிப் போறது?" என்றான் ஒருவன்.

"போக முடியலைன்னா போகாதே. நாற்காலி ஒரு நாள் நம்மளை மாதிரியே இங்க குளிர்ல உட்காரட்டும்."

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

இரவு காற்று சொன்னபடியே அடித்தது. யாரும் கிளம்பவில்லை. இரண்டு மணிக்கு யாங்ஜி கெட்டிலில் இருந்ததைக் கொட்டி, கழுவி, துடைத்து, அடுப்புக்குப் பக்கத்துக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்தாள். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஓரிரு நாளில் எப்படியும் போகப்போகிற வேலைதான். ஆனால் இந்த மனிதர்கள் டீ இல்லாமலேயே உள்ளே போய்விட்டால், கவிழ்ந்த கெட்டில் வெறும் பாத்திரம்தான், அவள் வெறும் வாயாடி. மேலே இன்னொரு தெண்டி கிடப்பான்.

ஐந்து மணிக்குக் காற்று நின்றது. ஒன்பது பேர் மூட்டையோடு வந்தார்கள். முன்னால் நவாங். சமையல் கூடாரத்துக்குள் வந்தவர் கெட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அங்கியின் மடிப்பிலிருந்து தன் கோப்பையை எடுத்து நீட்டினார்.

"ஊத்து."

"மாட்டேன் அண்ணே."

"என் வயசுக்கு இதுவரைக்கும் எந்த அடுப்படியிலயும் எனக்கு இல்லைன்னு சொன்னதில்லை."

"எனக்கும் இதுதான் முதல் தடவை. கேவலம் என்னோடதா இருக்கட்டும். எல்லாரும் உயிரோட என்னைத் திட்டுங்க."

கார்க்கி தலையில் கம்பளித் தொப்பியோடு ஓடி வந்தார். "என்ன நடக்குது இங்கே? டீ இல்லைன்னா என்ன, வெந்நீர் குடிச்சிட்டுக் கிளம்புங்க. கீழேயிருந்து நாளைக்குள்ள வேற ஆள் வந்துடுவார்."

"வரட்டும் ஸார்," என்றாள் யாங்ஜி. "வர்றவர்கிட்டயும் மணி என்னன்னு கேட்பேன். நீங்க வேணா அந்த நாற்காலியைத் தூக்கிக்கிட்டு இப்பவே முன்னால போங்க. உங்களுக்கு நான் மூணு தடவை இல்லை, முப்பது தடவை ஊத்துறேன்."

ஒன்பது பேரில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். இந்தத் தடவை யாரும் அவனை முறைக்கவில்லை.

நவாங் நீட்டிய கோப்பையை நீட்டியபடியே நின்றார். வெளியே முதல் வெளிச்சத்தில் பனியருவி நீலமாகத் தெரிந்தது. எங்கோ உள்ளே பனி முறிகிற சத்தம் கேட்டது, சுள்ளி ஒடிக்கிற மாதிரி. அதை அவரும் கேட்டார். பிறகு குனிந்து, தன் கோப்பையைக் கெட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் கல்லின்மேல் கவிழ்த்தார். நெற்றிப் பட்டையைக் கழற்றி, மூட்டையைத் தரையில் இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"காத்து இல்லைன்னா இன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்குப் போறோம் ஸார்," என்றார் கார்க்கியைப் பார்க்காமல். "முதல்ல கயிறும் ஆக்ஸிஜனும். நாற்காலி கடைசியா. அறிக்கையில தெண்டி கிளம்பினது அஞ்சரைன்னு எழுதுங்க. கையெழுத்து நான் போடுறேன்."

மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. கல்லின்மேல் ஒன்பது கோப்பைகள் கவிழ்ந்தன. கார்க்கி தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

யாங்ஜி எழுந்து அடுப்பில் சட்டியை வைத்தாள்.

"டீதான் கிடையாதுன்னு சொன்னேன்," என்றாள். "உருளைக்கிழங்கு ரொட்டி இருக்கு. உட்கார்ந்து தின்னுங்க. தின்னுட்டு யாராவது ஒருத்தர் எழுந்து வந்து இந்தக் கல்லைத் தூக்குங்க, அடுப்பு மறுபடி சாய்ஞ்சுடுச்சு."

எழுந்தது நவாங்தான்.