அண்ணன் கழற்றி வைத்த மூடி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணனின் மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். உன் அம்மாவையே எழுதச் சொல் என்று தட்டிக் கழித்துப் பார்த்தேன். "நீதான் அத்தை அப்பாவ சின்ன வயசுலேர்ந்து பாத்தவ. நீயே எழுது" என்றாள். எழுத உட்கார்ந்த நாள் முதல் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது பண்டசோழநல்லூரில், பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பை விட்டுவிட்டு லாரியில் ஏறினார். பிறகு பாகூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவரிடம் டிரைவராக இருந்தார். அந்த மிராசுதாரின் கொட்டகையில் ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று ஓடாமல் கிடந்தது. கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்த வண்டியை, "முடிஞ்சா கௌப்பிக்கினு போ" என்று அவர் அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். மூன்று மாதம் மல்லுக்கட்டி அண்ணன் அதைக் கிளப்பி ஊருக்கு ஓட்டி வந்தார். மழைக்காலத்தில் மாட்டு வண்டியே அச்சு வரை இறங்கும் எங்கள் களிமண் பாதையில், முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்த வண்டி மட்டும்தான் போகும். விதைக்கரும்பு, உரம், உடம்பு முடியாதவர்கள் என்று எல்லாம் அதில்தான் போயின.

அண்ணன் பயந்த சுபாவம். இதை எழுதினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே ஒப்புக்கொண்ட விஷயம்தான். சாப்பிடும்போதுகூடக் காது வண்டிச் சத்தத்தில் இருக்கும். ரேடியேட்டர் ஒழுகுமோ என்று மஞ்சள் தூள் பொட்டலம், டாங்கு கசியுமோ என்று பார் சோப்பு, தீப்பொறி தரும் பாயிண்ட் தேய்க்கத் தீப்பெட்டிப் பட்டை, இறுக்கிக் கட்ட சைக்கிள் டியூப் என்று சீட்டுக்கு அடியில் ஒரு பை நிறைய வைத்திருப்பார். பிரேக்கைக் கிளம்பும்போது மூன்று முறை மிதித்துப் பார்ப்பார், தெரு முனையில் மறுபடியும் மிதிப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாங்கள் கேலி செய்வோம். கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. அண்ணியின் முதல் பிரசவம் வீட்டிலேயே நடந்து, பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது முறை உண்டானபோது, வலி எடுத்த உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பாண்டியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணிக்குத் தாய் வீடும் இல்லை. அந்தச் சில மாதங்கள் அண்ணன் வண்டியைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் சாமியைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. எனக்கு அப்போது இருபது வயது, கல்யாணம் ஆகவில்லை. வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பது என் வேலை. அண்ணியின் பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்த வருஷம் சந்தனத்தைக் கெட்டியாக அரைத்து, விளக்கு, ஸ்டியரிங், நான்கு சக்கரம், பக்கவாட்டிலிருக்கும் பெட்ரோல் மூடி என்று ஓர் இடம் விடாமல் அப்பினேன். அதன் மேல் குங்குமம். பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, அது தானாகத்தான் உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு நாள் கழித்து அண்ணன் டாங்கைக் கழுத்து வரை நிரப்பினார். அப்போதுகூடப் பொட்டு அழியாமல் இரண்டு விரலால் திருகித்தான் மூடியைத் திறந்தார்.

அந்த வாரமே ஒரு காலையில் அண்ணிக்கு வலி எடுத்தது. பின்னால் அண்ணியை என் மடியில் சாய்த்துக்கொண்டேன், அம்மா எதிரில் உட்கார்ந்தார். ஏம்பலம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை திக்கி நின்றுவிட்டது. அண்ணன் குதித்து இறங்கி பானட்டைத் திறந்தார். பெட்ரோல் பம்பின் அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம் பாதி காலியாக இருந்தது. டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். நிறைய இருந்தது. பம்பைக் கையால் நாலு முறை அடித்துவிட்டு சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிட்டது.

"ஏர் புடிச்சிருக்கும்மா. இப்ப சரியாயிடுச்சி" என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கரிக்கலாம்பாக்கம் வருவதற்குள் மறுபடியும் அதே திக்கல், அதே நிற்றல். இப்போது பம்பு சூடாகிவிட்டது என்று சந்தேகப்பட்டு, துண்டை வாய்க்காலில் நனைத்து அதன் மேல் சுற்றினார். திரும்பவும் குச்சி விட்டுப் பார்த்தார். வண்டி கிளம்பியது. ஒவ்வொரு முறையும் எதைச் செய்ததால் கிளம்பியது என்று அவருக்கே தெரியவில்லை. நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதைவிடப் பெரிய பயம் எதுவும் இல்லை என்று பிற்காலத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அண்ணியின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் எண்ணினேன். இந்த மரம் தாண்டினால் போதும், அடுத்த மரம் தாண்டினால் போதும் என்று.

அபிஷேகப்பாக்கம் வயல்வெளியில் மூன்றாவது முறை நின்றது. முன்னும் பின்னும் ஆள் இல்லை. அண்ணி என் கையைக் கடித்துவிட்டார்.

"இன்னாடா பண்ற, பொண்ணு தாங்கமாட்டாடா" என்று அம்மா அழுதார்.

அண்ணன் மூடியைத் திருகினார். சுற்றிலும் அமைதியாக இருந்ததால் அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. 'உஸ்' என்று டாங்கு மூச்சை உள்ளே இழுத்தது. அண்ணன் மூடியை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதன் நடுவில் டாங்குக்குள் காற்றுப் போக ஊசி முனை அளவு துளை உண்டு. காற்று போனால்தான் பெட்ரோல் வரும். வெளிச்சம் தெரியவில்லை. துளை இருந்த இடத்தில், காய்ந்து கல்லாகிப்போன என் சந்தனம் இருந்தது. அவர் குச்சி விடத் திறந்தபோதெல்லாம் காற்றுப் புகுந்து வண்டி ஓடியிருக்கிறது. அதைத்தான் பம்பு சரியாயிற்று, சூடு தணிந்தது என்று நினைத்திருக்கிறார்.

நகத்தால் சுரண்டினார். வரப்போரம் கருவேல முள் ஒடித்துத் துளையைக் குத்தி எடுத்தார். அப்போது ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாடா ஆச்சு?" என்று அம்மா கேட்டார்.

"குப்ப அடைச்சிக்கினு இருந்திச்சிம்மா" என்றார்.

அதன்பின் அரியாங்குப்பம் பாலம் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரை வண்டி ஒரு முறைகூடத் திக்கவில்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, இன்னும் சற்று நேரம் ஆகியிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்.

அடுத்து நடந்ததுதான் இத்தனை வருஷமாக என்னை அரித்தது. பெயர் சூட்டும் நாளில் எங்கள் தாய்மாமா எல்லோருக்கும் முன்னால் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "ஓட்ட வண்டியில புள்ளத்தாச்சிய ஏத்தினு போயி நட்டாத்துல நிறுத்தியிருக்கியே. ரிப்பேரு பாக்கத் தெரியாதவனுக்கு வண்டி இன்னாத்துக்கு?" என்றார். சுற்று வட்டாரத்தில் எந்த வண்டி நின்றாலும் கூப்பிடும் ஆள் என் அண்ணன். அவரை அப்படிக் கேட்டார். அண்ணன், "ஆமா மாமா, நான் சரியா பாக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்தி பரிமாறப் போய்விட்டார். நான் சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்தால், விளங்காதவள் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். பயந்தாங்கொள்ளி என்று யாரைக் கேலி செய்தேனோ, அவர் பயப்படவில்லை. நான்தான் பயந்தேன்.

அடுத்த வருஷ ஆயுத பூஜையன்று அண்ணன் பெட்ரோல் மூடியைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டாங்கின் வாயில் துணியைக் கட்டிவிட்டு, "தங்கச்சி, வந்து பொட்டு வை" என்று கூப்பிட்டார். கல்யாணமாகி வில்லியனூருக்குப் போன பிறகும் ஒவ்வொரு பூஜைக்கும் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். அவர் ஏன் மூடியைக் கழற்றுகிறார் என்று அண்ணி கேட்டிருக்கிறார், பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். "பழைய வண்டிக்கு அதான் சாஸ்திரம்" என்று சொல்லிவிடுவார். இது எங்கள் வீட்டு வழக்கம் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சென்ற புரட்டாசியில் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கண்ணை மூடியபடியே, "பூஜ வருது. மூடிய கழட்டி வெச்சிட்டுப் பொட்டு வை" என்றார். சரி என்றேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

அந்தக் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் உடன் இருந்த தெருக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்த லாரி ஸ்டாண்டுத் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த நர்ஸம்மாக்களுக்கும், ஈமக்காரியம் வரை தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா, அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்வி அண்ணனுக்கு உரியது அல்ல. மகளே, நீ பிறந்த அன்று வழியில் வண்டி நின்றது உன் அப்பாவால் அல்ல, உன் அத்தையால். துக்க வருஷம் என்பதால் போன பூஜைக்கு வண்டி பொட்டில்லாமல் நின்றது. வருகிற பூஜைக்கு நான் வருவேன். மூடியை நீ கழற்றிக் கையில் வைத்துக்கொள்.