குப்பி என்றே கூப்பிடுங்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ராயபுரத்தில், காசிமேட்டுக்குப் போகிற வழியில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் ஷெர்லினுக்கு நடந்தது இது. அவள் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன். தேதி, நேரம் எல்லாம் அவளுடைய போனிலேயே இருக்கிறது. 2024, ஜூலை 18, வியாழக்கிழமை. இராத்திரிகூட இல்லை, பட்டப்பகல்.

எல்லாம் பெயர் வைப்பதில்தான் ஆரம்பித்தது. ஷெர்லினின் பெண் குழந்தை பிறந்தது பிப்ரவரி ஏழு. ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். கேக், பிரியாணி எல்லாவற்றுக்கும் சொல்லியாகிவிட்டது, பெயர் மட்டும் முடிவாகவில்லை. மாமனார் இக்னேஷியஸ், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒற்றைக்காலில் நின்றார்.

"எங்கம்மா பேரு வச்சா கோயிலுக்கு வர்றேன். இல்லாங்காட்டி நீங்களே போய்க்கோங்க."

"பேரு இன்னா மாமா?"

"குப்பி."

ஷெர்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளையின் கதி என்ன?

"அது வூட்டுப் பேரு. கோயில் பொஸ்தவத்துல வேற கீது. இன்னாவோ வியாகுலம்னு வரும். ஆனா யாரும் அத்த சொல்லிக் கூப்ட்டதில்ல. கூப்டவும் வுட மாட்டாங்க."

"ஏன் மாமா?"

"ஆருக்குத் தெரியும். பொறந்த அன்னிக்கே தெருக் குப்பைமேட்டுல போட்டாங்களாம். கூட்டுற ஆயா எடுத்தாந்துச்சாம். அதுக்கு ஒரு மொறம் தவுடு குடுத்து எங்கம்மாவ வாங்கிக்கினாங்களாம். அதான் குப்பி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஷெர்லினும் சிரித்தாள். அந்த இடத்தில் அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

புத்தகத்துப் பெயர் என்ன என்று பார்க்க அவள் ஸ்டானிஸ்லாஸைப் பிடித்தாள். கோயிலின் பங்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர், பொறுமைசாலி. இரண்டு வாரம் அலைந்து ஞானஸ்நானப் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அதற்கப்புறம்தான் தலைவலி. குப்பியின் அப்பா ஒரு பக்கத்தில் சவரிமுத்து, அடுத்ததில் சவேரியார், இன்னொன்றில் சேவியர். அம்மா ரோசம்மாள், ரோசாள், ரோஸ். ஞானத்தகப்பன் ஓரிடத்தில் இராயப்பன், ஓரிடத்தில் பீட்டர். எழுதுகிற பங்குச் சாமியார் எந்த ஊர்க்காரரோ, அவர் வாயில் வந்தபடி பெயர். கூலிவேலை தேடிப் போன குடும்பம் என்பதால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று மூன்று ஊர்க் கோயில்களிலும் பதிவு இருந்தது.

1931, டோலோரஸ். 1933, வியாகுலமேரி. 1935, தொலோரம்மாள்.

மூன்றும் வியாகுல மாதாவின் பெயர்தான். அதே அப்பா, அதே அம்மா, அதே ஞானத்தகப்பன். ஊர் மாறும்போதெல்லாம் ஒரே பெண்ணை மறுபடி எழுதியிருக்கிறார்கள், வருஷத்தில்தான் தப்பு என்று ஷெர்லின் முடிவுகட்டினாள். ஸ்டானிஸ்லாஸும் ஆமாம் போட்டார்.

"ஒரு ஆளுக்கு மூணு பேரு, நாலு பேரு இருக்கும்மா. இதெல்லாம் சகஜம்."

சரி, மூன்றில் எதை வைப்பது?

வியாழக்கிழமை மதியம் இக்னேஷியஸ் கேரம் கிளப்புக்குப் போய்விட்டார். கணவன் சாவியோ காலை ஆறு மணிக்கே ஹார்பர் வேலைக்குப் போயிருந்தான். பாப்பா கூடத்துத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. 2.35-க்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் கருவாட்டு வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கீழே கன்டெய்னர் லாரிகள் போகிற அதிர்வு.

ஷெர்லின் தூளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாட்ஸ்ஆப்பில் சாவியோவுக்குக் குரல் பதிவு செய்தாள்.

"மூணு பேரு சொல்றேன். எது நல்லாக்கீதுன்னு சொல்லு. டோலோரஸ்... வியாகுலமேரி... தொலோரம்மாள்."

ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி, பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரியே சொன்னாள். பத்தொன்பது விநாடி. அனுப்பிய நேரம் 2.41.

2.44. சமையலறையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. பூனையாக இருக்கும் என்று அவள் எழுந்திருக்கவில்லை.

2.46. ஈரத் தரையில் உள்ளங்கையால் தட்டுவது போல ஒரு சத்தம். தப்... தப்... பிறகு நின்றது.

2.47. சாவியோவின் பதில் வந்தது. 'மூணாவது நல்லாக்கீது. யார் வூட்டுப் பசங்க வந்துகீது?'

'யாரும் வர்லயே' என்று அனுப்பினாள்.

'இன்னா ஷெர்லி. நீ பேரு சொல்ல சொல்ல, ம் ம்னு சொல்லுதே. மூணு கொயந்த.'

ஷெர்லின் பதிவைப் போட்டுக் கேட்டாள்.

அவளுடைய குரல். டோலோரஸ்...

"ம்."

தூரத்தில். சமையலறைப் பக்கம். பால்குடி மறக்காத குழந்தையின் குரல்.

வியாகுலமேரி...

"ம்."

இது கிட்டத்தில்.

தொலோரம்மாள்...

"ம்."

போனுக்கு ஒட்டி. அவள் வாய்க்கும் போனுக்கும் நடுவிலிருந்து.

பதிவு செய்தபோது அவள் காதில் ஒன்றும் விழவில்லை. பாப்பாவோ தூக்கத்தில் இருந்தது.

தப்... தப்...

ஷெர்லின் தலையைத் திருப்பினாள். சமையலறை வாசற்படிக்கு இந்தப் பக்கம், மொசைக் தரையில் ஈரம். சின்னச் சின்ன உள்ளங்கை அச்சு. ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. பின்னால் முழங்கால் இழுபட்ட தடம். ஈரத்தோடு மணல்.

ஒரு தடம் இல்லை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

பாப்பாவுக்கு இன்னும் தவழத் தெரியாது.

தப்... தப்... தப்...

அவள் கண்ணெதிரிலேயே புது அச்சு விழுந்தது. கை தெரியவில்லை. அச்சு மட்டும் விழுந்தது. தூளியைப் பார்த்து வந்தது.

கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஆனாலும் எழுந்து தூளியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள்.

தூளி கனத்தது.

ஒரு பிள்ளையின் கனம் இல்லை அது...

உள்ளே பாப்பா விழித்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரோ படுத்திருப்பது போல அந்தப் பக்கம் பார்த்தது.

மூச்சை இழுத்தது.

விடவில்லை.

உதடு நீலமாக மாறியது.

"பாப்பா... பாப்பா..."

அப்போதுதான் அவளுக்குக் குப்பைமேடு ஞாபகம் வந்தது. முறத்துத் தவிடு ஞாபகம் வந்தது. பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுப்பது சும்மா இல்லை. முன்னால் பிறந்ததெல்லாம் தக்காமல் போன வீட்டில்தான் அப்படிச் செய்வார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று காட்டுவதற்கு.

ஒரே பெண் இல்லை.

மூன்று பேர். குப்பிக்கு முன்னால் பிறந்தவர்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவள்தான்.

"குப்பி," என்றாள். "குப்பி... இது குப்பி... குப்பையில போட்டது. எங்க பிள்ள இல்ல. குப்பி... குப்பி..."

எத்தனை முறை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

தூளி லேசானது.

பாப்பா வீறிட்டு அழுதது.

2.58-க்குக் கரண்ட் வந்தது.

நாலு மணிக்கு இக்னேஷியஸ் வந்தபோது, மருமகள் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே போய்ப் பார்த்தார். ஈரம் காய்ந்திருந்தது, மணல் அப்படியே இருந்தது. பெரிய மனுஷர் துடைப்பத்தை எடுத்துக் கூட்டி, முறத்தில் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் ஷெர்லின் என்னிடம் வந்து இதையெல்லாம் சொன்னாள். நான் அப்படியே நம்பினேன். ஏனென்றால் அன்று மதியம் சாப்பிட்டுப் படுத்தபோது என் தலைக்கு மேலே பிள்ளை தவழ்கிற சத்தம் எனக்கும் கேட்டது. பரவாயில்லையே, பாப்பா சீக்கிரமே தவழ ஆரம்பித்துவிட்டதே என்று சந்தோஷமாகத் தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடந்தது. புத்தகத்தில் அமலா என்று எழுதினார்கள். வீட்டில் குப்பி. சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள், ஷெர்லின் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, குப்பி என்றே கூப்பிடுங்கள் என்று சொல்லித்தான் உள்ளே விடுவாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டானிஸ்லாஸ் இன்னும் மூன்று போட்டோ அனுப்பினார். இவை அடக்கப் புத்தகத்தின் பக்கங்கள். 'தப்பா சொல்லிட்டேம்மா. மூணும் வேற வேற பிள்ளைங்க. ஒண்ணு எறந்ததும் அடுத்ததுக்கு அதே பேர வச்சிருக்காங்க' என்று கீழே எழுதியிருந்தார்.

ஷெர்லின் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். டோலோரஸ், வயது ஐந்து மாதம் பதினோரு நாள். வியாகுலமேரி, ஐந்து மாதம் பதினோரு நாள். தொலோரம்மாள், ஐந்து மாதம் பதினோரு நாள். என்ன நோய் என்ற இடம் மூன்றிலும் காலி.

அவள் விரல்விட்டு எண்ணினாள். பிப்ரவரி ஏழிலிருந்து ஜூலை ஏழு, ஐந்து மாதம். ஏழிலிருந்து பதினெட்டு, பதினோரு நாள். அந்த வியாழக்கிழமை.

குப்பி இப்போது நடக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனால் மதியம் இரண்டே முக்கால் வாக்கில், விளையாடிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிமிர்ந்து சமையலறை வாசலைப் பார்க்கிறாள். யாரோ கூப்பிட்ட மாதிரி, "ம்" என்கிறாள்.

எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் ஷெர்லினுக்கு இன்னும் தெரியவில்லை.