தலையில் வைத்த காந்தம்

தீப்பெட்டி ஆபீஸில் மருந்து பற்றி வெந்த என் கை ஆறி வெகுநாளாகியும், தோலுக்கடியில் எரிச்சலும் அரிப்பும் ஓயவில்லை. "கை ஆறிட்டு, மூளைக்குத்தான் இன்னும் தெரியல" என்று மதுரை டாக்டர் தலைமேல் காந்தச்சுருளை வைத்தார். டக்டக்கென்று தட்டியது, அவ்வளவுதான். சில வாரங்களில் அரிப்பு பாதி அடங்கியது.

தலைக்கு வைத்தியம் என்றால் எங்கள் ஊரில் பைத்தியம் என்றுதான் அர்த்தம். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

மாப்பிள்ளையின் அம்மா என் தழும்பைப் பார்த்தாள். "கைக்கு என்ன வைத்தியம் பாக்குதீங்க, மதினி?"

"களிம்புதான்."

அவள் முந்தானையை விலக்கித் தன் கையைக் காட்டினாள். வெந்து ஆறிய கை, சொறிந்து சொறிந்து மறுபடி புண்ணாகியிருந்தது.

"எனக்கு எந்தக் களிம்பும் கேக்கல. ஒங்க களிம்புக்குப் பேரென்ன?"

வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். மறந்துவிடாமலிருக்க, அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.