அடியில் ஒட்டிய மிதவை

என் வேனின் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு பிள்ளையார் படம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், மற்ற வேன்காரர்கள் எலுமிச்சையும் மிளகாயும் கட்டும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புத் தண்டு ஒன்று தொங்குகிறது. அந்தத் தண்டில் மேலும் கீழும் ஓடும் சின்ன மிதவை வளையம் ஒன்று உண்டு. ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஏறுகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். ஒருவரிடம் மழை அளக்கும் கருவி என்றேன், நம்பினார். இன்னொருவரிடம் என் மாமியாரின் ஞாபகமாக வைத்திருக்கிறேன் என்றேன், பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பொய் சொன்னால் நம்பவும் உண்மை சொன்னால் சிரிக்கவும் தோன்றுகிற மாதிரி ஒரு முகம் எனக்கு.

அத்தை புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். ஓய்ந்த கையோடு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் பஸ்ஸில்தான் போய் வந்தார். ஒரு நாள் திரும்பி வரும் வழியில் கம்பளையில் மயங்கி விழுந்த பிறகு, அந்த இரண்டு நாளும் என் வேன் அவருக்கென்று ஆனது. பின் இருக்கையில் படுத்து வாருங்கள் என்றால் கேட்கமாட்டார். "பின்னால ஒக்காந்தா சாமான் ஏத்திட்டுப் போற மாதிரி இருக்கு மருமகனே" என்று எனக்கு இடப்பக்கத்தில் ஏறிக்கொள்வார். ஏறியதும் என்னோடு சேர்ந்து அவரும் ஓட்டத் தொடங்கிவிடுவார். "பஸ் வருது, ஒதுங்குங்க. அவனுக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல போல." உடம்பு எப்படி என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "தோட்டத்துல எடை கொறஞ்சா கங்காணி திட்டுவாரு. இங்க எடை கூடுனா டாக்டர் திட்டுறாரு. எந்தத் தராசுக்கும் நான் சரியா வந்ததில்ல."

வேன் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. அதன் திரையில் வரும் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. வாங்கிய நாளிலிருந்து அது என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது, நானும் தலையாட்டிக்கொண்டே ஓட்டுகிறேன். இதே முறையில்தான் என் குடும்பமும் நடக்கிறது என்பதை மனைவி இல்லாத இடத்தில் மட்டும் சொல்வேன். டீசல் தொட்டியைத் தவிர, நீல மூடி போட்ட இன்னொரு சின்னத் தொட்டியும் அதற்கு உண்டு. புகையைச் சுத்தமாக்குவதற்கு யூரியா கலந்த நீர் ஒன்றை அதில் ஊற்ற வேண்டும். ஒரு நாள் கண்டியிலிருந்து திரும்பும்போது அந்தத் தொட்டிக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. அத்தை உடனே கண்டுவிட்டார். என்ன என்று கேட்டார், சொன்னேன்.

"யூரியாவா? நம்ம லீக்ஸ் பாத்திக்குப் போடுற யூரியாவா?"

"அதேதான் அத்த. ஒங்க ரத்தத்துல கூடிப்போச்சு, இதுக்குக் கொறஞ்சு போச்சு. நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க."

என் பகிடிக்கு வழக்கமாகச் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை. கம்பளை தாண்டும் வரை அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நீர் புசல்லாவைக் கடைகளில் கிடைக்காது. அடுத்த முறை கண்டியில் வாங்கலாம் என்று இருந்தேன். ஆனால் மறுநாள் காலை வண்டியை எடுத்தபோது விளக்கு எரியவில்லை. வாகனமும் நம்மைப் போல ஒரு இராத்திரி தூங்கி எழும்பினால் சுகமாகிவிடும் என்று முடிவு செய்தேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு வாகன அறிவு.

சில வாரங்கள் கழித்து விளக்கு திரும்ப வந்தது. இம்முறை நல்ல பிள்ளையாகக் கண்டியிலேயே ஒரு கேன் வாங்கி, மூடியைத் திறந்து, வழிய வழிய ஊற்றினேன். விளக்கு அணையவில்லை. அதோடு திரையில் ஒரு வரி எழுத்தும் ஓர் இலக்கமும் வந்தன. ஓட ஓட இலக்கம் குறைந்தது. இன்னும் எவ்வளவு தூரத்துக்கு டீசல் இருக்கிறது என்று வண்டி கணக்குச் சொல்கிறதாக்கும் என்று எனக்குச் சந்தோஷம். அத்தைக்குச் சந்தோஷம் இல்லை. "கொறையுது மருமகனே" என்றார். வளைவுக்கு வளைவு அதையே சொன்னார். அவருடைய வாயை அடைப்பதற்காகத்தான் திரையைப் படம் பிடித்து நானாவுக்கு அனுப்பினேன்.

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்; இந்த நானா கலகெதரயில் கராஜ் வைத்திருப்பவர். வாகனத்தின் மின்சார வேலைகளுக்கு அவரை விட்டால் எனக்கு ஆள் இல்லை. எந்த நோயையும் சுகமாகிவிடும் என்று சொல்லமாட்டார், சுகமாகாது என்றும் சொல்லமாட்டார். "பாப்பம்" என்பார். அன்று மட்டும் அவராகவே போனில் என்னைக் கூப்பிட்டார். அந்த எழுத்தைத் தன் போனில் காட்டி அர்த்தம் எடுத்திருந்தார்.

"தம்பி, அது டீசல் கணக்கில்ல. அந்த நம்பர் முடிஞ்ச பொறகு வண்டிய ஓஃப் பண்ணினா, திரும்ப ஸ்டார்ட் ஆவாது. ஓடிட்டீந்தா ஓடும். நிப்பாட்டினா அவ்வளவுதான்."

போனைக் காதில் வைத்தபடியே அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாகனத்துக்குத்தான் நோய் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த இலக்கம் யாருடையது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வண்டியை அவரிடம் கொண்டுபோனதும் நானா கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். யூரியா மட்டம் காட்டும் சென்சரில் பிழை என்றது அது. அதை நானா அப்படியே நம்பிவிடவில்லை. "இது பொலிஸ்காரன் மாதிரி தம்பி, யார் மேல சந்தேகம்னு மட்டும் சொல்லும். களவெடுத்தது யாருன்னு நாங்கதான் தேடணும்." பிளக்கைக் கழற்றிச் சேறு இருக்கிறதா என்று பார்த்தார். வயரை இழுத்தும் வளைத்தும் பார்த்தார். மீட்டரை வைத்து மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார். டார்ச் அடித்துத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்தார். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' என்றுதான் வரும். "வயரு நல்லா ஈக்கி. கரண்டும் வருது. டேங்க்கும் நெறஞ்சீக்கி. ஆனா உள்ளுக்குள்ள ஈக்கிற சாமான் மட்டும் காலி காலின்னு செல்லிட்டீக்கிது. டேங்க எறக்கித்தான் பாக்கணும்." ஆனால் அன்று இன்னொரு லொறி கராஜின் வயிற்றை அடைத்துக்கொண்டு நின்றது. அடுத்த வாரம் ஒரு நாளைச் சொல்லி வரச் சொன்னார், அதுவும் பின்னேரத்தில்.

அவர் சொன்ன நாள் அத்தையின் ஆஸ்பத்திரி நாளாகவே அமைந்தது. வீட்டுக்கு வந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அன்று கண்டி போய்ச் சேர்வதற்கு முன்பே இலக்கம் முடிந்துவிடும். வேறு வேன் தேடினோம். அன்று முகூர்த்த நாள். எனக்குத் தெரிந்த வேனெல்லாம் மாலை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருந்தது. பஸ் என்ற பேச்சை எடுக்கவே மனைவி விடவில்லை. கடைசியில் அத்தைதான் முடிவு சொன்னார். "நிப்பாட்டாம இருந்தாச் சரிதானே? நிப்பாட்டாதீங்க."

பேராதனைக்குக் கிட்ட இலக்கம் பூச்சியம் ஆனது. ஆனாலும் எஞ்சின் ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் அத்தையை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியை ஓரமாக விட்டு, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்தேன். சிகிச்சை முடிய நாலு மணி நேரமாவது ஆகும். கொஞ்ச நேரத்தில் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். "மல்லி, எஞ்சின் எக்க ஓஃப் கரன்ன." தம்பி, எஞ்சினை அணையுங்கள் என்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். அந்தச் சிங்களத்தில் அத்தைக்கு நோயா, வேனுக்கு நோயா, எனக்கு நோயா என்று அவருக்குத் தெளிவாகியிருக்காது. ஆனாலும் உள்ளே ஒரு வயதான அம்மா இருக்கிறார், அணைத்தால் அவரை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. பின்பக்கத்து மரத்தடிக்குப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு என் பக்கம் வரும்போதெல்லாம், ஓடுகிறதா என்று காதைத் தொட்டுக் கேட்டார். ஓடுகிறது என்று நான் தலையாட்டினேன்.

வண்டியை விட்டு இறங்கப் பயமாக இருந்தது. யாராவது நல்லவர், டீசல் வீணாகிறதே என்று இரக்கப்பட்டுச் சாவியைத் திருப்பிவிட்டால்? என்னுடைய சிறுநீரகங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். கடைசியில் அந்தக் காவலாளியையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது மனிதர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

சிகிச்சை முடிந்து வெளியே வந்த அத்தை பிழிந்து உதறிய துணி மாதிரி இருந்தார். நேரே கலகெதரவுக்கு விட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. கிளச்சை ஒரு நூல் அவசரமாக விட்டாலும் எஞ்சின் திக்கி நின்றுவிடும். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவன், அன்று லைசன்ஸ் பரீட்சைக்குப் போனவன் மாதிரி கிளச்சிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுத்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். "எல்லாம் என்னாலதானே மருமகனே" என்றார். நோயைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமா, நீங்கதான் ஜப்பான்ல போய் இந்த வண்டியச் செஞ்சீங்க" என்றேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

கராஜில் அத்தைக்கு ஒரு கதிரை போட்டார்கள். "ஓஃப் பண்ணுங்கோ" என்றார் நானா. காலையிலிருந்து காவல் காத்ததை என் கையாலேயே எப்படி முடிப்பது? கை சாவிக்குப் போகவில்லை. நானா ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திருப்பினார். எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் பக்கத்து வீட்டு வானொலி பெரிதாகக் கேட்டது. சரி பார்க்க ஒரு முறை திருப்பிப் பார்த்தார். கட்டை. ஒரு முனகல்கூட இல்லை.

தொட்டியை இறக்கி, சென்சரை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். தண்டின் அடியில் மிதவை வளையம் இருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாகக் கற்கண்டு மாதிரிப் படிந்து, அசைய விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்தாலும் மிதவை எழும்பாது. மிதவை எழும்பாத வரை வண்டி காலி என்றுதான் சொல்லும். நானா தொட்டியின் அடியில் விரலை விட்டுத் துழாவி, முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

"இது அந்தக் கேன்ல வார சாமான் இல்ல. இதுல மணல் ஈக்கி. இந்தா, நூலும் ஈக்கி. எவனோ ஏமாத்தீக்கிறான் தம்பி. எந்தக் கடைல வாங்கினீங்க, செல்லுங்கோ. இப்பவே போய்க் கேப்பம்."

நானும் கோபத்தோடு கடையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"கடைக்காரரத் திட்டாதீங்க தம்பி" என்றார் அத்தை கதிரையிலிருந்து. "அது என் சேலை நூல்."

முதல் முறை விளக்கு எரிந்தபோது, மறுநாள் நாங்கள் எழும்புவதற்கு முன் அவர் எழும்பியிருக்கிறார். உரம் கிடைக்காமல் தவித்த காலத்திலிருந்து, கட்டிலுக்கடியில் அரை மூட்டை யூரியாவைத் தங்கம் மாதிரி வைத்திருந்தார். அதில் கொஞ்சம் அள்ளிச் சுடுநீரில் கரைத்து, பழைய சேலையில் இரண்டு தரம் வடித்து, ஆணியில் தொங்கிய என் சாவியை எடுத்துக்கொண்டு போய், நீல மூடியைத் திறந்து ஊற்றியிருக்கிறார். விளக்கு அணைந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்.

"எனக்காகத்தானே இந்த வண்டி ஓடுது. அதுக்கு ஒண்ணு கொறையுது, அது எங்கிட்ட இருக்கு. குடுக்காம எப்பிடி இருக்கிறது?"

நானா என்னைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி அத்தையிடம் சொன்னார். "பயிருக்கு அது நல்லம் உம்மா. கட்டி படாம ஈக்க அந்த உரத்துல ஏதோ பூசீக்கிறாங்க. செடி அதப் பொறுக்கும். இது நோஞ்சான் புள்ள, இதுக்குச் செமிக்காது." பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கேத்தலில் சுடுநீர் கேட்டார்.

நீர் பட்டதும் அந்த வெள்ளைக் கற்கண்டு கரையத் தொடங்கியது. தொட்டியைக் கழுவிக் கழுவி ஊற்றினார். சென்சரை வயரில் மாட்டி, சாவியைப் பாதி திருப்பித் திரையை எரிய விட்டார். தண்டை அத்தையிடம் நீட்டினார். "நீங்களே தூக்குங்கோ உம்மா." ஒரு கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டு இருந்தது. மற்றக் கையால் அத்தை வளையத்தை மெதுவாக மேலே தள்ளினார். திரையில் இருந்த எழுத்து மறைந்தது. கீழே விட்டார், எழுத்து திரும்ப வந்தது. மேலே தள்ளினார், மறைந்தது. அன்று முழுதும் சிரிக்காதவர் அப்போது சிரித்தார். நானா போதும் என்று கேட்டு வாங்கும் வரை அதை விடவில்லை.

எல்லாவற்றையும் பூட்டிப் புது நீர் ஊற்றினோம். கம்ப்யூட்டரில் பிழையை அழித்தார். "ஸ்டார்ட் ஆகுமா நானா?" என்றேன். "பாப்பம்" என்றார். சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வேன் காரணமாக அத்தைக்கு ஒரு ஆஸ்பத்திரி நாள்கூடத் தவறவில்லை. அரை மூட்டையில் மிஞ்சியதை லீக்ஸுக்குப் போட்டார். அந்த வருடம் லீக்ஸ் தண்டு என் கை மொத்தத்துக்குப் பருத்து வந்தது. பிறகு ஒரு மழைக்கால ஆஸ்பத்திரி நாளில், உள்ளேயே அவர் போய்விட்டார். நான் வெளியே மரத்தடியில், எஞ்சினை அணைத்துவிட்டு, நிம்மதியாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலம் கழித்து மிதவை மறுபடியும் ஒட்டிக்கொண்டது. நானா வேறு சென்சர் போட்டுத் தந்தார். பழையதை எறியப் போனவரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். அதைச் சுடுநீரில் கழுவிக் கொடுத்தார்.

இன்றும் ஹயருக்கு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனால் அந்தக் காவலாளி தூரத்திலிருந்தே காதைத் தொட்டுக் காட்டுவார். சாவியைத் தூக்கிக் காட்டுவேன். சிரிப்பார். பிறகு புசல்லாவைக்கு ஏறும் வளைவுகளில் வண்டி குலுங்கும்போது, கண்ணாடிக்கு மேலே அந்த வளையம் துள்ளி எழும்பி, டக்கென்று அடியில் வந்து விழும். ஒரு வயரும் இல்லாத தண்டு. அது எதையும் அளப்பதில்லை. ஆனாலும் என் இடது கை தானாக நீண்டு வளையத்தை மேலே தள்ளி, அடுத்த வளைவு வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது.