இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்த ராமையா

"சார், அப்பா விடியக்காலையில போயிட்டாங்க" என்று ராமையாவின் மகள் சாந்தி தொலைபேசியில் சொன்னபோது, "சரிம்மா" என்றேன். அது பொருத்தமான சொல் அல்ல. நம் தம்போய் ஊரில் அவரை அறிந்த உங்களில் பலர் இந்த அஞ்சலியை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். அதனால் அவர் வீட்டார் என்னை எழுதச் சொல்லிக் கேட்டார்கள்.

சமையலறை மேடைகளுக்குக் கல் அறுக்கும் பட்டறையில் அவர் நெடுங்காலம் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கினார். மாலைத் தேநீரோடு ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார். உள்ளே போன தூசியை வெல்லம் இறக்கிவிடும் என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். பிறகு, கல்தூசி படிந்து நுரையீரல் இறுகிப்போகும் சிலிகோசிஸ் அவருக்கே வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று சிரித்தார். "வெல்லம் வயித்துக்குப் போச்சு சார். தூசி நெஞ்சுக்குப் போச்சு. ரெண்டும் சந்திச்சுக்கவே இல்ல."

அதே பட்டறையில் சாந்தியின் கணவர் கணேசன் கல் அறுக்கிறார். தூசி பறக்க, தண்ணீர் விடாமல் அறுக்கிறார் என்று தெரிந்ததும் ராமையா என்னைப் பட்டறைக்கு அழைத்தார். "வாங்க சார், எனக்குப் பேச மூச்சு பத்தாது. நீங்க பேசுங்க." வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்தில் வரிசைப்படுத்தினேன். அங்கே போனதும் ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் முடிக்க இயலவில்லை.

"தண்ணி விட்டா சேறாயி கோடு தெரியாது மாமா. தவுக்கே அவசரப்படுத்துறாரு லா" என்றார் கணேசன்.

ராமையா ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு போய் இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்தார். "கோடு தெரியலன்னா நிறுத்தி, தொடச்சுட்டுப் பாருங்க. இல்லியா, இப்படியே அறுங்க. வர்ற தூசியில பாதிய நான் வாங்கிக்கிறேன்."

"வெளையாடாதீங்க மாமா. வீட்டுக்குப் போங்க."

"சுவிட்ச போடுங்க மாப்ள."

கணேசனின் கை சுவிட்சுவரை போய்த் திரும்பியது. முதலாளியான அந்தத் தவுக்கே வந்து கத்தினார். ராமையா அசையவில்லை. நானும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடைசியில் முதலாளியே அலுத்துப்போய் ரப்பர் குழாயை இழுத்து வந்தார். அன்றிலிருந்து அங்கே தண்ணீர் விட்டுத்தான் அறுக்கிறார்கள்.

துக்க வீட்டில் கணேசன் என்னருகே வந்து, "பின்வரிசைப் பட்டறையில இன்னும் தண்ணி விடாமத்தான் கல்லு அறுக்கிறாங்க சார். மாமா அங்கயும் போகணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றார்.

ராமையாவின் துணிச்சல் எனக்கு இல்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை. பேச வராதவனும் போய் உட்காரலாம் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். கருமாதி முடிந்த மறுநாள் அந்தப் பட்டறைக்குப் போகிறேன். கணேசனும் வருகிறார். தண்ணீர் திறக்கும்வரை எழுந்து வருவதாக இல்லை.